பவுசரின் பவுசு: மாரியோவின் வில்லன் 40 ஆண்டுகளில் மாறிய விதம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் 90களில் டிவி கேம் ஆடியவர்களுக்கு அவன் பெயரே தெரியாது. "கடைசியில வர்ற டிராகன்", அவ்வளவுதான். இன்று அவர்கள் பிள்ளைகள் நின்டெண்டோ சுவிட்ச் என்ற கேம் பெட்டியில் அவனைப் பார்த்து "ஐயோ பாவம்" என்கிறார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்றால் நம்புவதில்லை. வீட்டுக்கு வீடு எழும் அந்தச் சண்டையிலிருந்து வந்த கேள்விகள்தான் இவை.

பவுசர் யார்? ஒரு வரியில் சொல்லுங்கள்.

நின்டெண்டோவின் மாரியோ விளையாட்டுகளில் இளவரசி பீச்சைத் தூக்கிக்கொண்டு போகும் ஆமை அரசன். முதுகில் முள் ஓடு, தலையில் கொம்பு, வாயில் நெருப்பு. 1985 செப்டம்பரில் ஜப்பானில் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் பிறந்தவன்.

சிலர் "குப்பா" என்கிறார்கள், சிலர் "கூப்பா" என்கிறார்கள். எது சரி?

ஜப்பானில் அவன் பெயர் குப்பா. கொரியாவில் சூப்பில் சோறு போட்டுத் தரும் உணவு ஒன்று உண்டு. அதை ஜப்பானியர் உச்சரிக்கும் விதம் அது. நம் ஊர்க் கணக்கில் ஒரு ராட்சசனுக்கு "ரசஞ்சோறு" என்று பெயர் வைத்த மாதிரி. அமெரிக்காவுக்குப் போனபோது பவுசர் ஆனான். கூப்பா என்பது அவன் இனத்தின் பெயராக நின்றது. தமிழில் "குப்பா" என்றால் குப்பை ஞாபகம் வரும். "பவுசர்" என்றால் பவுசு. வெட்டிப் பவுசு காட்டுகிற ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தமிழர்களே வைத்திருக்க முடியாது.

முதலில் அவன் ஆமை இல்லை, எருது என்கிறார்களே?

உண்மைதான். மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவின் மனதில் முதலில் இருந்தது எருது அரசன். சீனத்துக் குரங்கு வீரன் கதையை வைத்து 1960இல் ஜப்பானின் தோயி நிறுவனம் எடுத்த கார்ட்டூன் படத்தில் அப்படி ஒரு பாத்திரம் வரும். முதல் விளையாட்டின் ஜப்பானிய அட்டைப்படத்தை மியாமோட்டோவே வரைந்தார். அதில் இருப்பவன் இன்றைய பவுசர் இல்லை. எருதுக்கும் ஆமைக்கும் நடுவில் நிற்கும் ஏதோ ஒன்று.

"இது ஆமை மாதிரியல்லவா இருக்கிறது" என்று சொன்னவர் உடன் வேலை பார்த்த தகாஷி தெசுகா. விளையாட்டில் ஏற்கெனவே நடந்து திரிந்த சின்ன ஆமைகளுக்கு இவனைத் தலைவனாக்கிவிடலாம் என்று முடிவானது. தோயியில் அனிமேஷன் வேலை செய்துவிட்டு நின்டெண்டோவுக்கு வந்திருந்த யோய்ச்சி கொடாபே அந்த உருவத்தைத் திருத்தி ஒழுங்குபடுத்தினார். இன்று நாம் பார்க்கும் தடித்த உதடும் அகன்ற முகமும் அந்தத் திருத்தத்தின் வாரிசுகள்.

1985 விளையாட்டில் ஒவ்வொரு கோட்டையிலும் அவன் செத்தும் திரும்ப வருவது ஏன்?

விளையாட்டில் 8 உலகம், உலகத்துக்கு 4 கட்டம், நாலாவது கட்டம் கோட்டை (1-4 என்றால் முதல் உலகத்தின் கோட்டை). முதல் 7 உலகங்களில் நிற்பவன் பவுசரே இல்லை. வேஷம். பாலத்தின் முனையில் உள்ள கோடாரியைத் தொட்டு அவனை எரிமலைக் குழம்பில் தள்ளினால் இந்த உண்மை தெரியவே தெரியாது. நெருப்பால் சுட்டுக் கொன்றால்தான் வேஷம் கலையும்.

குன்றக்குடியிலோ வேறு முருகன் கோயிலிலோ சூரசம்ஹாரம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். யானைத் தலையோடு வருவான், விழுவான். சிங்கத் தலையோடு வருவான், விழுவான். சூரனின் சொந்தத் தலை கடைசியில்தான். இங்கேயும் அதே கணக்கு. முதல் உலகத்துப் போலி, சுட்டதும் காளான் போன்ற சின்னக் கூம்பாவாகக் கவிழும். 2இல் பச்சை ஓட்டு ஆமை, 3இல் கருவண்டு போன்ற பஸ்ஸி பீட்டில், 4இல் முள் ஓட்டு ஸ்பைனி, 5இல் மேகத்தில் உட்கார்ந்து வரும் லக்கிட்டு, 6இல் கணவாய் மீன் போன்ற புளூபர், 7இல் சுத்தி எறியும் ஆமை. 8-4இல் நிற்பவன் மட்டும்தான் அசல்.

நீங்களே பார்க்க வேண்டுமானால்:

1-4க்குள் பெரிய மாரியோவாக நுழையுங்கள். தொடக்கத்திலேயே இருக்கும் கேள்விக்குறிப் பெட்டி அப்போது நெருப்புப் பூவைத் தரும். சின்ன மாரியோவாகப் போனால் காளான்தான் வரும், சுட முடியாது. பூவை எடுத்தபின் வழியில் சுற்றும் நெருப்புக் கம்பிகளில் ஒரு முறை பட்டாலும் திட்டம் காலி, அவசரப்படாதீர்கள். பாலத்தை அடைந்ததும் தூரத்தில் நின்று 5 குண்டு. திரையில் ஒரே நேரத்தில் 2 குண்டுதான் பறக்கும். அதனால் பட்டனை வெறித்தனமாகத் தட்டிப் பயனில்லை. முதல் இரண்டும் அவன்மேல் பட்டபின் அடுத்ததை விடுங்கள்.

நிறையப் பேர் இதைத் தவறவிடுவதற்குக் காரணம் குறுக்குவழி. 1-2இன் முடிவில் கூரைமேல் ஏறி நாலாம் உலகம், 4-2இல் செடிக்கொடியைப் பிடித்து ஏறி எட்டாம் உலகம் என்று தாவினால் 8 கட்டத்தில் ஆட்டம் முடிந்துவிடும். நேரம் மிச்சம். ஆனால் 7 வேஷங்களில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று: 1 முதல் 5 வரை போலிகள் நெருப்பை மட்டும் ஊதுவார்கள். 6, 7இல் நெருப்பு நின்று சுத்தி மழை. 8-4இல் இரண்டும் சேர்ந்து வரும். வசனம் எழுத இடமில்லாத விளையாட்டு, வில்லனின் தரத்தை ஆயுதத்தால் சொல்லிவிட்டது. அங்கே சிக்கித் தவிப்பவர்களுக்கு ஒரு யோசனை: பெரிய மாரியோவாக இருந்தால் அடி வாங்கிச் சுருங்கும்போது சில விநாடி மினுக்குவீர்கள். அந்தச் சில விநாடியில் அவன் உடம்பு வழியாகவே ஓடிக் கோடாரியைத் தொட்டுவிடலாம்.

உயிரெல்லாம் போய் "கேம் ஓவர்" வந்துவிட்டால், தலைப்புத் திரையில் ஏ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டைத் தட்டுங்கள். செத்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடங்கும். டிவியையோ பெட்டியையோ அணைத்துவிட்டால் இது வேலை செய்யாது.

எங்கள் பழைய கேசட்டில் டிராகன் பாதி உடம்போடு மினுக்குகிறது. கேசட் போய்விட்டதா?

நெருப்பு ஊதும்போது மட்டும் மினுக்கினால் கோளாறு இல்லை. அந்த இயந்திரத்தின் இயல்பு. ஃபாமிகாம் (நின்டெண்டோவின் பழைய டிவி கேம் பெட்டி) வகைப் பெட்டிகள் நகரும் உருவங்களை 8க்கு 8 புள்ளிச் சதுரத் துண்டுகளாகச் சேர்த்துக் காட்டும். ஒரே கிடைக்கோட்டில் 8 துண்டுக்கு மேல் வந்தால் மிச்சம் தெரியாது. பவுசர், அவன் நெருப்பு, மாரியோ மூன்றும் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றால் எண்ணிக்கை தாண்டிவிடும்.

எப்போதுமே எழுத்தெல்லாம் உடைந்து, கோட்டை கட்டம் கட்டமாகச் சிதறித் தெரிந்தால் அது கேசட்டின் பின்களில் சேர்ந்த அழுக்கு. பெட்டியை அணைத்து, கேசட்டை உருவி, 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காது பட்ஸால் 60 பின்களையும் நீளவாட்டில் தேயுங்கள். பட்ஸ் கறுப்பாகும், கறுப்பு வராத வரை பட்ஸை மாற்றிக்கொண்டே இருங்கள். சில நிமிடம் உலரவிட்டுச் செருகலாம். வாயால் ஊதுவது எல்லோருக்கும் பழக்கம். ஊதியதால் ஓடவில்லை, எடுத்துத் திரும்பச் செருகியதால் ஓடியது. எச்சில் ஈரம் பின்களை அரிக்கத்தான் செய்யும். உப்புத்தாள் அறவே வேண்டாம். பின்மேல் உள்ள மெல்லிய பூச்சு போய்விடும்.

அடாப்டர் மாற்றுகிறவர்கள் வோல்ட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பிளக்கின் நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்ற படம் பெட்டியின் அடியில் இருக்கும். அது மாறினால் பெட்டியே போய்விடும்.

அவனுக்கு முதன்முதலில் வாய் வந்தது எப்போது?

1988இல், மூன்றாம் விளையாட்டான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3இல். ஒவ்வொரு உலகம் முடிந்ததும் பீச்சிடமிருந்து கடிதம் வரும். 7ஆம் உலகம் முடிந்ததும் வரும் கடிதத்தைப் பிரித்தால் கையெழுத்து பவுசருடையது: நீ ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது இளவரசியைத் தூக்கிவிட்டேன், முடிந்தால் வா என்று நக்கல். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அதுவரை அவன் ஒரு தடை. அந்தக் கடிதத்தில் ஒரு ஆள் ஆகிறான்.

இந்த விளையாட்டு தொடங்கும்போது திரைச்சீலை மேலே ஏறும், மேடைப் பொருள்கள் கம்பியில் தொங்கும். இது முழுவதும் ஒரு நாடகம்தானா என்ற கேள்விக்கு 2015இல் மியாமோட்டோ ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மேடையில் மீசை முறுக்கி உறுமியவன் விடிந்ததும் டீக்கடையில் கதாநாயகனோடு பன் தின்பான். பின்னாளில் மாரியோவும் பவுசரும் சேர்ந்து டென்னிஸ் ஆடுவதை இப்படிப் புரிந்துகொண்டால் உறுத்தாது.

மூன்றாம் விளையாட்டில் அவனை வீழ்த்துவதும் நாடக உத்திதான். அவன் குதித்து உங்கள் தலைக்கு மேல் விழப் பார்ப்பான், தரை செங்கல். ஒரே இடத்தில் நின்று அவனை வரவழைத்து, கடைசி நொடியில் விலகுங்கள். அதே இடத்தில் திரும்ப. செங்கல் உடைந்து அவனே பள்ளத்தில் போவான். இடம் மாற்றி மாற்றி ஓடுகிறவர்களுக்குத்தான் தரை முழுக்கச் சில்லாகி, நிற்க இடமில்லாமல் போகும்.

1990இல் சூப்பர் மாரியோ வேர்ல்டில் கோமாளி முகம் வரைந்த பறக்கும் கோப்பையில் வருகிறான். அவன் தூக்கிப் போடும் சாவிப் பொம்மை ஆமையை மிதித்து, கையில் எடுத்து, மேல் அம்பை அழுத்தியபடி விட்டால் அவன் தலையில் விழும். மூன்று சுற்று, சுற்றுக்கு 2 அடி, மொத்தம் 6. கோமாளி முகம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போவதற்கு முன்னறிவிப்பு அது.

சரி, பயங்கர வில்லன் சிரிப்பு வில்லனாக மாறிய ஆண்டு எது?

கேள்வியே தவறு. மாறவில்லை, பிரிந்தான். பிரிந்த ஆண்டு 1996.

அந்த ஆண்டு மார்ச்சில் ஸ்கொயர் நிறுவனம் செய்த சூப்பர் மாரியோ ஆர்பிஜி (கதையும் வசனமுமாகப் போகும் விளையாட்டு வகை) வந்தது. மூன்று மாதம் கழித்து, ஜூனில், சூப்பர் மாரியோ 64. இரண்டிலும் பவுசர். இரண்டும் இரண்டு ஆள்.

ஆர்பிஜியின் முதல் சண்டையிலேயே அவனை வென்றுவிடுவீர்கள். (சரவிளக்குமேல் நின்று நடக்கும் அந்தச் சண்டையில் அவனை எவ்வளவு அடித்தும் பயனில்லை, விளக்கு தொங்கும் சங்கிலியை அடியுங்கள்.) அடுத்த நிமிடம் வானத்திலிருந்து ஒரு ராட்சசக் கத்தி அவன் கோட்டையில் செருகி நிற்கிறது. கோட்டை போச்சு, படை ஒவ்வொருவராகக் கழன்று ஓடுகிறது. வேறு வழியில்லாமல் மாரியோவோடு சேர வேண்டும். ஆனால் கேட்க மானம் இடம் தரவில்லை. அதனால் மாரியோவைத் தன் படையில் "சேர்த்துக்கொள்வதாக" அறிவிக்கிறான்! பெரிய வீடு கைவிட்டுப் போனபிறகும் வாசலில் நின்று வருகிறவர்களை "வாங்க வாங்க" என்று வரவேற்கும் மனுஷன். செட்டிநாட்டில் இந்த ஆளைப் பார்க்காதவர் யார்? அடிக்கும் பலமும் தாங்கும் பலமும் அவனுக்கு அதிகம், வேகமும் மந்திரமும் குறைவு. அதனால் மந்திரத்தால் தாக்கும் எதிரிகளிடம் அவனை முன்னால் விடாதீர்கள்.

மாரியோ 64இல் அதே ஆள் இருட்டில் நிற்கிறான். மொத்தம் மூன்று சந்திப்பு, சில வரி மிரட்டல், உறுமல், காலடிச் சத்தம். முதன்முறையாக முப்பரிமாணத்தில், மாரியோவைவிட எத்தனை மடங்கு பெரியவன் என்று உங்கள் கண்ணே சொல்லும். அது போதும், பேச்சு வேண்டியதில்லை.

இதுதான் இன்றுவரை விதி. வசனம் ஏராளமாகக் கிடைக்கும் விளையாட்டுகளில் (ஆர்பிஜி, பேப்பர் மாரியோ, மாரியோ அண்டு லூயிஜி) அவன் சிரிக்க வைப்பான், ஏனென்றால் வீம்பு பேசுகிறவனை நிறையப் பேசவிட்டால் கடைசியில் சிரிப்புத்தான் வரும். உடம்பும் அளவும் மட்டும் கிடைக்கும் விளையாட்டுகளில் பயமுறுத்துவான். எந்த ஆண்டு என்று பார்க்காதீர்கள், எந்த வகை என்று பாருங்கள். பெற்றோரும் பிள்ளைகளும் சண்டை போடுவதன் காரணம், இரண்டு பேரும் வெவ்வேறு வகையைப் பார்த்திருப்பதுதான்.

மாரியோ 64இல் பவுசரின் வாலைப் பிடிக்கிறேன், சுற்றுகிறேன், வீசினால் மேடையைச் சுற்றியுள்ள வெடிகுண்டில் படவே மாட்டேன் என்கிறது.

எல்லோருக்கும் இதே வியாதி. மூன்று தப்பு நடக்கிறது.

முதலாவது, குறைந்த சுற்று. நாலைந்து முறை ஸ்டிக்கை முழு வட்டமாகச் சுழற்றி வேகம் ஏறியபின் விட வேண்டும்; இல்லையென்றால் மேடைக்குள்ளேயே விழுவான். இரண்டாவது, தாமதம். குண்டு நேராகத் தெரியும்போது பட்டனை அழுத்தினால் கை அழுத்தும் நேரத்தில் தாண்டியிருப்பான். ஒரு மயிரிழை முன்பே விடுங்கள். மூன்றாவது, கேமரா. வாலைப் பிடிப்பதற்கு முன்பே ஒரு குண்டு திரையின் நடுவில் வரும்படி கேமராவைத் திருப்பி வையுங்கள்.

பிடிக்க வரவில்லை என்றால் அவனைச் சுற்றி ஓடிப் பின்னால் போங்கள். அவன் கனத்த உடம்பு திரும்ப நேரமெடுக்கும். முதல் இரண்டு சந்திப்பில் ஒரு வீச்சு போதும். கடைசியில் 3 வேண்டும். அதில் 2 முடிந்ததும் மேடை இடிந்து நட்சத்திர வடிவத்துக்குச் சுருங்கும். விளிம்பில் நின்று சுற்றினால் நீங்களும் போவீர்கள், நடுவுக்கு வாருங்கள்.

அவனுக்குப் பிள்ளைகள் எத்தனை? 7ஆ, 1ஆ?

1. மூன்றாம் விளையாட்டில் வரும் கூப்பாலிங்குகள் 7 பேரும் அப்போது அவன் பிள்ளைகளாகவே சொல்லப்பட்டார்கள். 2012இல் ஒரு பேட்டியில் மியாமோட்டோ அதை மாற்றினார்: ஒரே பிள்ளை பவுசர் ஜூனியர்தான், தாய் யாரென்று தெரியாது.

ஜூனியர் வந்தது 2002இல், சூப்பர் மாரியோ சன்ஷைனில். பீச்தான் உன் அம்மா என்று தகப்பன் அவனிடம் பொய் சொல்லி வைத்திருப்பான். முடிவில் பவுசர் தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போது, "எனக்கு முன்பே தெரியும்" என்பான் பிள்ளை. பெரிய விளையாட்டு வரிசையில் பவுசர் தலைகுனிந்து பார்த்த முதல் காட்சி என்று இதைச் சொல்லலாம். சண்டை நடந்ததோ குளியல் தொட்டிக்குள்! அந்தத் தொட்டியைச் சுற்றி 5 மேடை இருக்கும். முதுகில் கட்டிய நீர்ப்பீச்சியின் ராக்கெட் முனையால் மேலே எழும்பி ஒவ்வொன்றிலும் தரைக் குத்து விட வேண்டும்.

நல்ல பவுசர் விளையாட்டு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால்?

2009இல் நின்டெண்டோ டிஎஸ்ஸில் (இரண்டு திரை உள்ள கைப்பெட்டி) வந்த பவுசர்ஸ் இன்சைட் ஸ்டோரி. தயங்காமல் சொல்லலாம்.

மாரியோவும் அவன் தம்பி லூயிஜியும் பவுசரின் வயிற்றுக்குள். வெளியே பவுசர் நடக்கிறான், அடிக்கிறான், கத்துகிறான். தனக்குள்ளே தன் பரம எதிரிகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. மேல் திரை அவனுக்கு, கீழ்த் திரை அவர்களுக்கு. எக்ஸ் குத்து, ஒய் நெருப்பு; ஏ மாரியோ, பி லூயிஜி. ஒரு பெட்டியை இரண்டு பக்கமாகப் பிரித்தாளும் இந்த ஏற்பாட்டில், அரை மணியில் உங்கள் கட்டைவிரல் அவன் பக்கம் சாய்ந்துவிடும். சில இடங்களில் அவன் மலைபோல் வளருவான். அப்போது பெட்டியைப் புத்தகம் போல் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து, மைக்கில் உண்மையாகவே ஊதினால் நெருப்பு வரும். பேருந்தில் ஆட ஏற்றதல்ல.

அவனையே ஏமாற்றுகிற ஃபாஃபுல் என்ற இன்னொரு வில்லன் இதில் உண்டு. அவனிடம் கோட்டையைப் பறிகொடுத்துவிட்டு மீட்கப் போகிறான் பவுசர். கவனியுங்கள், பீச்சை மீட்க அல்ல, கோட்டையை. நல்லவனாகவே ஆகவில்லை; ஆனாலும் கதாநாயகன். சூரன் மயிலாகி முருகனைச் சுமந்த கதை வேறு, அங்கே பகை தீர்ந்தது. இங்கே தீரவில்லை, அதுதான் ருசி.

(அதற்கு முன் 2003இல் சூப்பர்ஸ்டார் சாகாவில் நினைவு தவறி ஒரு திருடனுக்கு எடுபிடியாக அலைவான். 2004 பேப்பர் மாரியோவில் பழைய 8 பிட் கட்டங்களில் அவனையே ஓடவிட்டுக் கிண்டல் செய்வார்கள். இரண்டும் ஆடத் தகுந்தவை.)

அப்படியானால் பயமுறுத்தும் பவுசர் ஒழிந்துவிட்டானா?

இல்லவே இல்லை. 2006 நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸில், முதல் உலகத்திலேயே பழைய கோடாரி வித்தை. பாலம் இடிந்து குழம்பில் விழுகிறான், வெறும் எலும்பாகிறான். அந்த எலும்புக்கூடு எட்டாம் உலகத்தில் திரும்ப வந்து நிற்கும். 21 வருஷம் சிரித்துக்கொண்டே செய்த ஒரு காரியத்தின் விளைவை விளையாட்டு முதன்முதலில் காட்டியது அங்கேதான்.

2007 சூப்பர் மாரியோ கேலக்ஸியில் அவன் ஆசை பிரபஞ்சத்தின் நடுவில் தனக்கென ஒரு மண்டலம். சின்னக் கோளத்தின்மேல் சண்டை. நீல நிறக் கண்ணாடித் தரைமேல் நின்று அவனை மேலே குதிக்கச் செய்யுங்கள். உடைந்து குழம்பில் வால் சுடும், எரிச்சலில் ஓடுவான், எதிர்த் திசையில் ஓடி வழிமறித்துச் சுழன்று அடியுங்கள். பின்னாலேயே துரத்தினால் கோளத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். 2007இலிருந்து அவன் குரல் கென்னி ஜேம்ஸுடையது. அந்தக் கட்டைக் குரல் பயத்தில் பாதி.

2021இல் வந்த பவுசர்ஸ் ஃபியூரி இன்னும் ஒரு படி. கறுப்புச் சாயம் பூசி மலையளவு ஆகி, தன் நினைவில்லாமல் எரிக்கிறான். மகனே மாரியோவிடம் வந்து "அப்பாவைக் காப்பாற்று" என்கிறான். மழை தூறத் தொடங்கினால் எழப் போகிறான் என்று பொருள். ஓடி ஒளிவது ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். அவன் முகம் பதித்த கட்டைகள் அவன் நெருப்பில்தான் உடையும். அவற்றுக்கு முன்னால் நின்று அவனைக் குறிவைக்கச் செய்து விலகுங்கள். போதும் என்றால் ஒரு பூனைச் சூரியனை எடுங்கள், அடங்கிவிடுவான். இதில் அவனுக்கு வசனம் கிட்டத்தட்ட இல்லை. மேலே சொன்ன விதி சரிதானே?

பீச்சைத் தூக்குவது காதலாலா, ராஜ்யத்துக்காகவா?

தொடக்கத்தில் ராஜ்யம். முதல் விளையாட்டின் கதைப்படி அவன் காளான் ராஜ்யத்து மக்களைக் கல்லும் செடியுமாக மாற்றிவிட்டான். அந்த மந்திரத்தை முறிக்க வல்லவள் பீச் ஒருத்திதான், அதனால் சிறை. 2000இல் பேப்பர் மாரியோவில் அவன் நாட்குறிப்பைப் பீச் படிக்கும் காட்சியில் காதல் வெளிப்படையாகிறது. 2017 சூப்பர் மாரியோ ஒடிஸியில் வெள்ளை கோட்டுப் போட்டுக் கட்டாயத் திருமணம் வரை போகிறான்.

அந்தக் கடைசிக் காட்சி பாராட்டத்தக்கது. மாரியோவும் பவுசரும் போட்டி போட்டுக்கொண்டு பூவை நீட்ட, பீச் இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டுக் கப்பலேறுகிறாள். முப்பது ஆண்டுகள் தூக்கிச் செல்லப்பட்டவளுக்குக் கிடைத்த நல்ல பதில். ஆனால் காதல் என்று பெயர் வைத்ததால் கடத்தல் இனிப்பாகிவிடாது. சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

சினிமாவில்?

1993 ஹாலிவுட் படத்தில் டென்னிஸ் ஹாப்பர் கோட்டு சூட்டோடு மனித உருவில் வந்தார். ஓடும் இல்லை, கொம்பும் இல்லை. பெயரை விட்டால் உறவில்லை. 2023 அனிமேஷன் படத்தில் ஜாக் பிளாக் குரல். பியானோ வாசித்துப் பீச்சுக்காக உருகுகிறான், மறு நிமிடம் ஊரை எரிக்கிறான். பிரிந்துபோன இரண்டு பவுசரையும் ஒரே உடம்பில் ஒட்டிய முயற்சி அது. பாதி ஒட்டியிருக்கிறது.

மாரியோ கார்ட் பந்தய விளையாட்டில் அவனை எடுத்தால் தோற்கிறேனே?

1992 முதல் கார்ட்டில் தொடங்கி அவன் கனமான ஓட்டுநர். உச்ச வேகம் அதிகம், வேகம் பிடிக்க நேரமாகும். எதிராளி எறிந்த ஆமை ஓடு ஒன்று பட்டு நின்றால் மற்றவர்களைவிட அதிகம் இழப்பீர்கள். நடுக்கூட்டத்தில் ஓட்டாதீர்கள்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இந்த மாற்றத்தையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?

முடியும். முதல் விளையாட்டின் 1-4ஐ நெருப்போடு ஒரு முறை, கோடாரியோடு ஒரு முறை (20 நிமிடம்). பிறகு மாரியோ 64இன் முதல் பவுசர். அந்தக் கதவு திறக்க 8 நட்சத்திரம் வேண்டும், அவற்றை முந்தின நாளே சேர்த்து வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆர்பிஜியின் முதல் அரை மணி. 2023இல் வந்த புதுப் பதிப்பு சுவிட்சில் உண்டு. கடைசியில் ஃபியூரி, ஒரு மணி நேரம். இருட்டியபின் விளக்கை அணைத்துவிட்டு ஆடினால் பலன் அதிகம். பழைய பெட்டியில் ஆடுகிறவர்கள், கரண்ட் போனால் 1985, 1988 விளையாட்டுகள் எதையும் சேமிக்காது என்பதை மறக்க வேண்டாம்.

1985 பவுசரைக் கோலமாகப் போடலாமா?

அதற்கென்றே பிறந்த உருவம். 32க்கு 32 கட்டம் போதும். அந்தக் காலப் பெட்டியில் ஒரு உருவத்துண்டுக்கு 3 நிறம்தான் அனுமதி, ஆகவே மூன்று கலர்ப்பொடியோடு வேலை முடியும். கட்டத்துக்கு 2.5 செ.மீ. வைத்தால் 80 செ.மீ. சதுரம். சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துச் சுண்டிக் கட்டம் போடுங்கள். ஆத்தங்குடிக் கல் செய்கிறவர்கள் கண்ணாடிமேல் தகர அச்சை வைத்து அறை அறையாகக் கலவை ஊற்றுவார்களே, அதேபோல் அட்டையில் 2.5 செ.மீ. சதுர ஓட்டை வெட்டி, கட்டத்தின்மேல் வைத்துப் பொடியைத் தூவினால் ஓரம் கலங்காது. முதலில் ஒரே நிறத்தை முழுக்க முடியுங்கள். மேல் வரிசையிலிருந்து கீழே வாருங்கள், இல்லையென்றால் முழங்கை அழித்துவிடும்.

ஒன்று மட்டும்: பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் தரை இருந்தால் அங்கே போடாதீர்கள். சிமென்ட் கல் சாயத்தை உறிஞ்சும், சிவப்பும் பச்சையும் கறையாக நின்றுவிடும். வளவு முற்றத்துக் கருங்கல்லிலோ வாசல் சிமென்டிலோ போடுங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். உலர்ந்த விளக்குமாற்றால் முதலில் கூட்டிவிட்டு, பிறகு தண்ணீர் விடுங்கள்.